காட்டம் எந்த இலையில் இருக்கிறது?

நிகரகுவாவின் எஸ்தெலி ஊரில் சுற்றிய இரண்டு சுருட்டுகள். ஒன்று கருப்பட்டி நிறம், மற்றது வெளிறிய பழுப்பு. எது காட்டமானது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கறுப்பைத்தான் எடுப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் நமக்குத் தெரியும் நிறம் மேலே சுற்றிய ஓர் இலையின் நிறம் மட்டும்தான். காட்டத்தை முடிவு செய்வது உள்ளே மடிந்து கிடக்கும் இலைகள். அவை செடியில் எந்த உயரத்தில் வளர்ந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புகையிலைச் செடி நிக்கோட்டினை வேரில் தயாரிக்கிறது. அது நீரோடு மேலேறி இலைகளில் சேர்கிறது. பூச்சிகளுக்கு அது நஞ்சு, செடிக்கு அதுதான் காவல். பூ வரும் சமயத்தில் விவசாயி நுனியைக் கிள்ளிவிடுவார். விதைக்குப் போகவேண்டிய சத்து இலைக்குத் திரும்பும். அதோடு, கிள்ளிய காயத்தைப் பூச்சிக்கடி போலவே எடுத்துக்கொண்டு செடி இன்னும் நிக்கோட்டின் சுரக்கும். நேர் வெயிலில் நிற்கும் உச்சி இலைகள் தடித்து, எண்ணெய்ப்பசை ஏறி, செடியிலேயே அதிகக் காட்டத்தோடு நிற்கின்றன. இவற்றை லிகேரோ என்பார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'லேசானது' என்று பொருள் என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடு இலையான செகோ மணத்துக்கு, அடி இலையான வொலாடோ ஒழுங்காக எரிவதற்கு. கனமான, அதாவது காட்டம் மிகுந்த, சுருட்டு என்றால் லிகேரோ கூடுதலாக வைத்துச் சுற்றியது என்று அர்த்தம். அந்த இலை மெதுவாக எரியும் என்பதால் சுற்றுபவர் அதை நட்டநடுவில் வைப்பார். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் சுருட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எரியும்.

பறித்த இலையில் இந்த ருசி எதுவும் கிடையாது. அதைப் பாடம் போட வேண்டும். கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு ஒன்றரை, இரண்டு மாதம் காற்றிலேயே உலர விடுகிறார்கள். பறித்த பிறகும் இலையின் செல்கள் சில நாள் உயிரோடு இருக்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதையும் தானே எரித்துத் தீர்த்துவிடும். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இலை இப்படி அல்ல. அதைச் சூடான அறையில் ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இந்தச் சர்க்கரைக் கணக்கு பின்னால் பெரிதாக வேலை செய்யப்போகிறது.

அப்புறம் போர் போடுவது. கியூபாவிலும் நிகரகுவாவிலும் அதைப் பிலோன் என்கிறார்கள். லேசாக ஈரப்படுத்திய இலைகளை ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். ஈர வைக்கோலைப் போராக அடுக்கினால் நடுவில் சூடேறுமே, அதே கதை. உள்ளே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி 50, 60 நோக்கி ஏறும். அளவைத் தொட்டதும் போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குகிறார்கள். பக்கத்தில் நின்றால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். இலையின் புரதங்கள் உடைந்து நைட்ரஜன் வெளியேறும் வாசனை அது. தடித்த லிகேரோவுக்கு இந்தச் சுற்று அதிகம் தேவை, காலமும் அதிகம். நல்ல கனமான சுருட்டு விலை கூடுவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். அவசரப்பட்டு எடுத்த இலையை முதல் இழுப்பிலேயே கண்டுபிடிக்கலாம், தொண்டையில் அம்மோனியா குத்தும்.

எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இந்தப் பாடத்திலும் போரிலும்தான் நடக்கிறது. இலைக்கு மஞ்சள் நிறம் தந்த கரோட்டினாய்டுகள் உடைந்து, அயனோன், டமாசினோன் போன்ற மணப் பொருள்கள் பிறக்கின்றன. டமாசினோன் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது. மிஞ்சிய சிறிதளவு சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் கூடும்போது பைரசீன்கள் உருவாகின்றன. வறுத்த காபிக்கொட்டை, கோகோ, வறுத்த வேர்க்கடலை மூன்றின் வாசனையிலும் இருப்பவை இவைதான். ருசிப்பவர்கள் "காபி தெரிகிறது, சாக்லேட் தெரிகிறது" என்று சொன்னால் அது பகட்டுப் பேச்சு அல்ல, சென்ட் தெளித்ததாலும் அல்ல. அதே மூலக்கூறுகள் புகையில் நிஜமாகவே இருக்கின்றன. கூடுதல் நாளும் கூடுதல் சூடும் கொடுத்துக் கறுக்க வைத்த, சுருட்டின் மேலே சுற்றும் இலைதான் மதூரோ. அந்தக் கறுப்பில் பெரும்பாலும் மென்மையான இனிப்புச் சாயல்தான் இருக்கும், காட்டம் அல்ல.

சரி, சுருட்டுப் புகையை ஏன் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை? சர்க்கரை எரிந்தால் அமிலம் வரும். அதனால் சிகரெட் புகை அமிலத்தன்மையோடு, அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 6-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த அளவில் நிக்கோட்டினில் நூற்றில் ஒரு பங்குதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், வாயின் தோலைத் தாண்ட அந்த வடிவத்தால் மட்டுமே முடியும். எனவே சிகரெட்டுக்கு நுரையீரல் தேவைப்படுகிறது. சர்க்கரை தீர்ந்துபோன சுருட்டிலையின் புகையோ காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உள்ளது. பி.எச். 8-ஐத் தொட்டால் பாதி நிக்கோட்டின் தாண்டக்கூடிய வடிவத்துக்கு வந்துவிடும். கன்னத்தின் உட்புறத்திலிருந்தே ரத்தத்துக்குப் போய்விடும். வெறும் வயிற்றில் கனமான சுருட்டைப் பற்றவைத்தவருக்கு அரை மணி நேரத்தில் வியர்த்து, தலை சுற்றி, குமட்டுவது இதனால்தான். எனக்கும் ஒருமுறை நடந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நாக்குக்குத் தெரிவது கசப்பும், கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் உப்பும்தான். வாயில் வைத்த புகையில் சிறிதளவை, விழுங்காமல், தொண்டைக்கு மேல் வழியாக மூக்கால் மெதுவாக விட்டால் சுருட்டு வேறொன்றாக மாறிவிடும். தேவதாரு, தோல், மண் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். கூடவே மிளகு போல ஒரு சுளீர். அது மணம் அல்ல. முகத்தின் எரிச்சலையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு அது. கடுகின் காரத்தை உணரும் ஏற்பியையே நிக்கோட்டினும் தட்டி எழுப்புகிறது. தமிழில் புகையிலையைக் 'காரம்', 'காட்டம்' என்று சொல்கிறோம். அந்தச் சொற்கள் எவ்வளவு துல்லியமானவை என்று நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் 'செரூட்' என்ற பெயரைக் கொடுத்ததும் நம் சுருட்டுதானே.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும் என்பதற்கும் காரணம் உண்டு. நல்ல மணங்கள் பெரும்பாலும் கங்கில் பிறப்பதில்லை. கங்குக்குச் சற்றுப் பின்னால், எரியாமல் சூடேறும் பகுதியிலிருந்து ஆவியாகின்றன. வேகமாக இழுத்தால் அந்தப் பகுதியும் கருகி, கசப்பு மட்டும் மிஞ்சும். ஆவியானதில் ஒரு பங்கு முன்னால் இருக்கும் குளிர்ந்த இலையில் படிந்து, நெருப்பு அங்கே வரும்போது மறுபடி கிளம்புகிறது. சுருட்டு குட்டையாகக் குட்டையாகப் படிவு கூடிக்கொண்டே போகிறது. முதல் மூன்றிலொரு பங்கில் மெதுவாகப் பேசிய அதே சுருட்டு கடைசிப் பங்கில் அதட்டுவது இதனால்தான்.

இதையும் சொல்லியாக வேண்டும். மணத்தை உண்டாக்கும் அதே பாடத்திலும் போரிலும், நுண்ணுயிரிகள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க, அது நிக்கோட்டினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து நைட்ரோசமீன்களைத் தருகிறது. அவை புற்றுநோயை உண்டாக்குபவை. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் வருகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்க முடியும். "நான் உள்ளே இழுப்பதில்லையே" என்பது வேதியியல் ஏற்காத சமாதானம்.

கடைசி இரண்டு விரற்கடை வந்ததும் பழகியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். படிந்த தாரும் நிக்கோட்டினும் அடர்ந்திருப்பது அந்த இடத்தில்தான். நசுக்கி அணைப்பதும் இல்லை. நசுக்கினால் சூடான படிவு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியேறி அறை நாறும். சாம்பல் தட்டில் வைத்துவிட்டால், இழுக்க ஆள் இல்லாத சுருட்டு சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும்.