சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்: பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் லேப்டாப் என்பது மேசையை விட்டு நகராத பொருள். காலையில் ப்ளக்கில் சொருகினால் ராத்திரி வரை அப்படியேதான். இப்படி வைத்தால் ஓவர் சார்ஜ் ஆகி வெடித்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துவார், ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். ரெண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

ஓவர் சார்ஜ் பயம் முதலில். பேட்டரி நிரம்பியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும்; அதன்பிறகு அடாப்டரிலிருந்து வரும் கரண்ட் நேராக லேப்டாப்பை ஓட்டும், பேட்டரி சும்மா இருக்கும். ஆனால் நிரம்பிய நிலையிலேயே சும்மா இருக்கிறதே, சிக்கல் அங்கேதான்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு, நடுவில் அயனிகள் (மின்னூட்டம் உள்ள அணுக்கள்) போய்வர மின்பகுளி என்ற திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். முழுசாக ஏறினால் ஒரு செல்லில் 4.2 வோல்ட், புது மாடல்கள் சிலவற்றில் அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த வோல்டேஜில் ரெண்டு பக்கமும் மின்பகுளியைச் சும்மா விடாது. ஆக்சைடு பக்கம் அது மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். கிராஃபைட் பக்கம் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய படலம் இன்னும் தடிக்கும், தடிக்கத் தடிக்க லித்தியத்தையும் விழுங்கும். அப்படி மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்ப வராது. நீங்கள் பேட்டரியில் ஒரு நிமிடம்கூட ஓட்டாவிட்டாலும், பேட்டரி தாங்கும் நேரம் போகப்போகக் குறைய இது போதும்.

இதோடு சூடும் சேர்ந்தால் போச்சு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதக் கத்திரியில் வெளியே 40 டிகிரி, மேலே தகர ஷீட், லேப்டாப் மெத்தைமேல் காற்றுத்துளை அடைபட்டுக் கிடக்கிறது, பேட்டரி 100 சதவீதம். இதைவிட மோசமாக ஒரு பேட்டரியை வைக்க முடியாது. மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அடியில் காற்று போக இடம் விடுங்கள். காசு செலவில்லாத வேலை.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பழக்கம் ஒன்று இருக்கிறது: பேட்டரி எப்பவும் ஃபுல்லாக இருக்க வேண்டும் என்பது. இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரிக்கு அது சரி, சார்ஜ் இல்லாமல் போட்டால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிவிடும். லித்தியத்துக்கு இது நேர் எதிர். 'மாசம் ஒரு தடவை சுத்தமாக இறக்கி ஏற்று' என்பதும் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் காலத்துப் பேச்சு. லித்தியத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குவது கெடுதல்தான். சதவீதம் தப்பாகக் காட்டினால் மட்டும், அளவீட்டைச் சரிசெய்ய எப்போதாவது ஒரு முறை நன்றாக இறக்கி ஏற்றலாம்.

அப்போ என்ன செய்வது? சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும்படி லேப்டாப்பிலேயே செட்டிங் போடுங்கள், சிலவற்றில் 60ஆகவும் இருக்கும். லெனோவாவில் கன்சர்வேஷன் மோட், ஆசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல்லில் பெரும்பாலும் கரண்டிலேயே ஓடும் லேப்டாப்புக்கென்று ஒரு தேர்வு, ஹெச்பியில் பல மாடல்களுக்கு பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) இருக்கும். செட்டிங்கைப் போட்டுவிட்டு ப்ளக்கிலேயே விடலாம், தினமும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகத் தேவையில்லை. நான் இதை எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் புது பேட்டரி விலை மாசச் சம்பளத்தில் நல்ல துண்டு விழவைக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ரெண்டு மூணு நாள் ஃபுல்லாக இருப்பதால் ஒன்றும் கெடாது, மாசக்கணக்கில் இருப்பதுதான் கெடுக்கும்.

டச்பேட் மேலே எழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், நான் மேலே சொன்ன அந்த வாயுதான். உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம், இல்லாவிட்டால் கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய் எரியலாம். மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.