எந்தப் போர் விமானம் கெட்டி?

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் வானத்தில் மோதிக்கொண்ட நாட்களில் மட்டக்களப்புத் தேத்தண்ணிக் கடைகளில்கூட இந்தியாவின் ரஃபேலா பாகிஸ்தானின் ஜே-10ஆ என்பதுதான் கதை. ஒருவர் போனில் ஒரு அட்டவணையைக் காட்டுவார், வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, தூக்குகிற பாரம் இவ்வளவு என்று. மற்றவர் உடனே வேறொரு அட்டவணையைக் காட்டுவார். யார் எத்தனை விழுத்தினார்கள் என்பதில் அந்த இரண்டு நாடுகளுமே ஒத்துப்போகவில்லை, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வந்தது அந்த அட்டவணைகளைப் பற்றி. அவற்றின் முதல் வரியில் எப்போதும் உச்ச வேகம்தான் இருக்கும். இன்றைய வான் சண்டையில் மிகக் குறைவாக உதவுகிற எண்ணும் அதுதான்.

சோவியத் யூனியனின் மிக்-25 ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் பறக்கும், 1964இல் முதன்முதல் பறந்த விமானம். அமெரிக்காவின் இன்றைய எஃப்-35க்கு உச்சமே 1.6 மடங்குதான். அட்டவணையை நம்பினால் அறுபது வருடங்களில் பின்னுக்குப் போய்விட்டோம் என்றாகும். 1976இல் விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25ஐ ஓட்டிக்கொண்டுபோய் ஜப்பானின் ஹகோடாடேயில் இறக்கினார். அமெரிக்கர்கள் அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உடம்பின் பெரும்பகுதி நிக்கல் கலந்த உருக்கு, பாரமோ பாரம், நேராக ஓடுவதற்கு நல்லது, வளைந்து சண்டை பிடிக்கச் சரிவராது.

அந்த உச்ச வேகமும் சும்மா வருவதில்லை. எஞ்சினின் பின்பக்கம், வெளியேறுகிற சூடான காற்றில் நேரடியாக எரிபொருளை விசிறிக் கொளுத்துவார்கள், ஆஃப்டர்பர்னர் என்பது இதுதான். தள்ளு விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், எரிபொருள் செலவோ மூன்று நான்கு மடங்குக்குப் போய்விடும். சில நிமிடங்களில் தாங்கி வற்றத் தொடங்கும், அதனால் பெரும்பாலான பறப்புகளில் விமானி அந்த உச்சத்தைத் தொடுவதே இல்லை. எஃப்-22 போன்ற ஒரு சில மட்டும் ஆஃப்டர்பர்னர் இல்லாமலே ஒலியை முந்தி நெடுநேரம் ஓடும். என்னைக் கேட்டால் அட்டவணையில் போட வேண்டிய வேகம் அதுதான்.

அடுத்தது வளைவது. இதில் பௌதிகம் கொஞ்சம் கொடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் திரும்புகிற வட்டத்தின் ஆரை நான்கு மடங்காகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானம் 9 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் 9 மடங்கில், திரும்பினால் ஆரை சுமார் 700 மீட்டர், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவைச் சுற்றி ஒரு வட்டம் போட்ட அளவு. அதே விசையில் 1800 கிலோமீட்டரில் திரும்பினால் ஆரை 2.8 கிலோமீட்டரைத் தாண்டும், புளியந்தீவில் திருப்பத் தொடங்கினால் காத்தான்குடிப் பக்கம் போய்த்தான் மூக்கு திரும்பும். சரி, 9 ஜிக்கு மேலே போகலாமே என்றால், விமானம் தாங்கினாலும் உள்ளே இருக்கிறவர் தாங்க மாட்டார். 70 கிலோ மனிதர் அந்த நேரத்தில் 630 கிலோ. இரத்தம் தலைக்கு ஏறாமல் காலுக்கு இறங்கும், கண் முதலில் நிறம் இழந்து பிறகு இருண்டுவிடும். காலையும் வயிற்றையும் இறுக்குகிற உடுப்பு, அடிவயிற்றை இறுக்கி மூச்சுப் பிடிக்கிற பயிற்சி எல்லாம் இதற்காகத்தான். எஃப்-16இன் இருக்கையை 30 பாகை பின்னால் சாய்த்து வைத்ததும் இதற்காகத்தான். ஆக எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் 9 ஜிக்குக் கிட்டத்தான் நிற்கும், ஏனென்றால் மனித உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கண்ணில் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இலங்கை விமானப்படையின் கிபிர் விமானம் என்றால் சத்தம்தான் ஞாபகம் வரும். சத்தம் வந்த இடத்தை அண்ணாந்து பார்த்தால் விமானம் அங்கே இருக்காது. 3 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒலி வந்துசேர ஏறக்குறைய 9 வினாடி ஆகும், அதற்குள் அது 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். ராடருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ராடர் அனுப்புகிற அலை ஒளியின் வேகத்தில் போய், பட்டு, திரும்பி வரும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரைக்கும் நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர், போய்வர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு போதும்.

நேரம் பிரச்சினை இல்லை, பலம்தான் பிரச்சினை. போகும்போது அலை விரிந்து விரிந்து பலவீனமாகும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. பட்டுத் திரும்பும்போது அதே மாதிரி இன்னொரு தரம். ஆக திரும்பி வருகிற பலம் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் ஸ்டெல்த், அதாவது ராடருக்கு ஒளிவது, என்ற முழு வியாபாரமும் இந்த நான்காம் அடுக்கில்தான் இருக்கிறது. ஒரு விமானம் திருப்பி அனுப்பும் அலையைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால், அது ராடரில் தென்படும் தூரம் பாதிதான் ஆகும். ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று குறைத்துப் பிரயோசனம் இல்லை, குறைத்தால் ஆயிரக்கணக்கில் குறைக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டால்? மட்டக்களப்பில் இருக்கிற ராடர் கொழும்புக்கு மேலே வரும்போதே பிடிக்கிற சாதாரண விமானத்தின் இடத்தில், இந்த விமானம் 22 கிலோமீட்டருக்கு வந்தபிறகுதான் தெரியும். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி இருக்கிற அளவு தூரத்துக்கு வந்தாயிற்று.

இதைச் செய்வது ஏதோ மந்திரப் பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பூச்சு இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி வேலை வடிவத்தினுடையது. வருகிற அலையை வந்த பக்கமே திருப்பாமல் வேறு பக்கம் தட்டிவிட வேண்டும். எஃப்-22ஐ மேலே இருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், இறக்கையின் முன்விளிம்பும் வால் இறக்கையின் முன்விளிம்பும் ஒரே சாய்வில் இருக்கும். தெறிக்கிற அலை எல்லாம் ஒரு சில திசைகளுக்கு மட்டும் போகட்டும் என்றுதான் அப்படி. காற்று உள்ளே போகும் குழாயை நேராக விடாமல் வளைத்திருப்பார்கள், எஞ்சினின் சுழலும் தகடுகள் ராடருக்கு நேரே தெரியக் கூடாது. விமானியின் தலைக்கு மேலே உள்ள கண்ணாடிக்குக்கூட மெல்லிய உலோகப் படலம் உண்டு; இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற இருக்கையும் ஹெல்மெட்டும் அலையைத் திருப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏவுகணைகளை வயிற்றுக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அதனால் கொண்டுபோகிற எண்ணிக்கை குறையும், வெளியே தொங்கவிட்டாலோ இவ்வளவு பாடும் வீண்.

அதற்காக ஸ்டெல்த் விமானம் கண்ணுக்கே தெரியாது என்று இல்லை. 1999 மார்ச் 27 இரவு சேர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் ஒன்றை எஸ்-125 என்ற அறுபதுகளின் பழைய ஏவுகணையால் விழுத்தினார்கள். மீட்டர் கணக்கில் அலைநீளம் உள்ள பழைய ராடர்களுக்கு இந்த வடிவ வித்தைகள் அவ்வளவாகச் செல்லாது. அப்படிப்பட்ட ராடரால் 'அந்தப் பக்கம் ஏதோ வருகிறது' என்று சொல்ல முடியும், ஏவுகணையை வழிநடத்துகிற அளவுக்குத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். அந்த இரவில் மிச்சத்தைச் செய்தது அந்தப் படைப்பிரிவின் கெட்டித்தனம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரவில் வாவியில் டோர்ச் அடித்துக்கொண்டு தோணியில் போகிறவருக்கு முன்னால் கொஞ்சத் தூரம்தான் தெரியும், கரையில் நிற்கிறவனுக்கோ அந்த டோர்ச் அங்கிருந்தே தெரியும். ராடரும் அப்படித்தான், தேடுகிறவனுக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும், ஒளிந்திருக்கிறவனுக்கு ஒருவழிப் பயணம் போதும். அதனால் நவீன விமானங்கள் ராடரைப் போட்டபடியே திரிவதில்லை. புதிய ஏசா ராடர்கள் பெரும்பாலானவற்றில் சுழலும் தட்டே கிடையாது. ஆயிரம் அளவிலான சின்னச் சின்ன அனுப்பிகள் சேர்ந்து கற்றையை மின்னணுவால் திருப்பும், அலைவரிசையை மாற்றி மாற்றி அனுப்பும், எதிராளியின் கருவிக்கு அதை இரைச்சலிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். அதையும் போடாமல் இருக்கலாம். வெப்பத்தைப் பார்க்கும் கருவி இருக்கிறது, பின்னால் தூரத்தில் பறக்கும் கண்காணிப்பு விமானம் தன் ராடரில் கண்டதைத் தரவு இணைப்பில் அனுப்பும். சண்டை விமானம் வாயைத் திறக்காமல் வந்து, இன்னொருவரின் கண்ணால் பார்த்து, ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பலாம். அப்படிப் பார்த்தால் ரஃபேலையும் ஜே-10ஐயும் தனித்தனியே நிறுத்தி ஒப்பிடுவதில் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது.

ஏவுகணையின் தூரத்திலும் இதே ஏமாற்று. '100 கிலோமீட்டர்' என்று எழுதியிருந்தால், உயரத்தில் இருந்துகொண்டு, நேரே எதிரே வருகிற விமானத்தின்மேல் விட்டால் அந்தத் தூரம். இலக்கு திரும்பி ஓடத் தொடங்கினால் அது பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் வழமையான ஏவுகணையின் ரொக்கெட் சில வினாடிகள்தான் எரியும், மிச்சத் தூரமெல்லாம் எறிந்த கல்லாகத்தான் போகிறது, திருப்பத் திருப்ப வேகம் கழியும். ரஃபேலில் பூட்டும் மீட்டியோர் ஏவுகணை இதற்கு வேறு வழி பார்த்தது. வெளிக்காற்றை உறிஞ்சி எரிக்கும் ராம்ஜெட், எரிவதைக் கூட்டிக் குறைக்கவும் முடியும், கடைசிக் கட்டத்தில் துரத்தவும் பலம் மிஞ்சும்.

அப்புறம் யாரும் அட்டவணையில் போடாத ஒரு விஷயம், நாளைக்குக் காலையில் எத்தனை விமானம் கிளம்பும்? அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் 2023இல் சொன்னபடி எஃப்-35களில் சுமார் 55 வீதம்தான் பணிக்குத் தயாரான நிலையில் இருந்தன. சுவீடன் மறுபக்கத்திலிருந்து யோசித்தது. கிரிப்பன் விமானத்தைச் சாதாரண வீதியில் இறக்கி, ஒரு தொழில்நுட்பவியலாளரும் கட்டாய சேவைக்கு வந்த ஒரு சில பொடியன்களும் பத்து நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் போட்டு அனுப்புகிற மாதிரி அதை வடிவமைத்தார்கள். நம் கல்முனை வீதியில் நேரான துண்டுகள் இருக்கின்றன, முதலில் மாடுகளை எழுப்ப வேண்டும்.

இலங்கை விமானப்படைக்கு 1996இலிருந்து வந்த கிபிர் விமானத்தின் உடம்பு பிரான்சின் மிராஜ்-5 வழி வந்தது, எஞ்சின் அமெரிக்காவின் பாண்டம் விமானத்தில் இருந்த அதே ஜே-79. இரண்டுமே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வரைந்தவை. 2021இல் அவற்றில் ஐந்தை மேம்படுத்த இஸ்ரேலிய நிறுவனத்தோடு சுமார் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் காசு வேகத்தைக் கூட்டவோ இறக்கையை மாற்றவோ அல்ல. பழைய மின்னணுவைக் கழற்றிவிட்டு, புதிய ராடரும் உணரிகளும் தொடர்புக் கருவிகளும் விமானியின் ஹெல்மெட்டும் பூட்டத்தான்.