நோ இல்லையென்றால் கால் சுகமா?

முந்தாநாள் பின்னேரம் என் பிசியோதெரபி கிளினிக்கைப் பூட்டப்போகிற நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அப்பா ஓடிவர, நடுவில் மகள், பின்னால் அம்மா மகளின் இடுப்பைப் பிடித்தபடி. இறங்கும்போதே இடது காலை ஊன்ற முடியவில்லை. முழங்கால் சில்லு எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு வீக்கம். அந்த முழங்காலை எனக்கு நன்றாகத் தெரியும், நாலு மாதமாக நானே நாடா வைத்து அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டுவந்த முழங்கால் அது.

விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை. உயர்தரம் படிக்கிறாள், பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் கோல் அற்றாக், கோலுக்கு எறிகிறவர்களில் ஒருத்தி. முழங்காலுக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் என்கிற சவ்வு அறுந்து, சத்திரசிகிச்சை செய்து நாலரை மாதம்தான் ஆகியிருந்தது. மட்ச் வந்திருக்கிறது, அணி பின்தங்கியிருக்கிறது, "பத்து நிமிசம் மட்டும்" என்று இறக்கியிருக்கிறார்கள். ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ, பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை.

இந்த வருடம் இது மூன்றாவது பிள்ளை. மூன்று வீட்டிலும் ஒரே வசனம்தான். "நோ ஒண்டும் இல்லையெண்டு சொன்னவள், அதாலதான் மிஸ் விளையாட விட்டனாங்கள்."

நோ இல்லை. சரி. அதற்கும் கால் சுகமானதற்கும் என்ன சம்பந்தம்?

இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, இன்னொருமுறை சொல்கிறேன். அறுந்த ஏசிஎல்லைத் தைத்து ஒட்டிவிடுவதில்லை. பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளைபோட்டுப் பொருத்துகிறார்கள். அந்த நாணுக்கு அது புது இடம். இரத்த ஓட்டம் இல்லை. உடம்பு அதை மெல்ல மெல்லக் கரைத்து, புது இரத்தக் குழாய்களை விட்டு, திரும்பக் கட்டுகிறது. அப்படிக் கட்டுகிற காலத்தில், முக்கியமாக இரண்டாம் மூன்றாம் மாதங்களில், பொருத்திய அன்றைக்கு இருந்த பலம்கூட அதற்கு இராது. முழுக்க முதிர ஒரு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் வெட்டின காயம் ஆறிவிடும், வீக்கம் வற்றிவிடும், நோ போய்விடும், பிள்ளை படியேறுவாள், சைக்கிள் ஓடுவாள், குனிந்து வீடு கூட்டுவாள். இதெல்லாம் நடப்பது, உள்ளே சவ்வு நொய்ந்துபோய் இருக்கிற அதே மாதங்களில்தான். வெளியே சுகமும் உள்ளே பலவீனமும் ஒரே நேரத்தில் வருகின்றன. பொருத்திய நாண் உங்களுக்கு நோவெடுத்துச் சொல்லாது, அறுகிற அன்றைக்குத்தான் சொல்லும்.

அந்த அப்பா தோட்டம் செய்கிறவர். அவரிடம் இப்படிக் கேட்டேன்: பிடுங்கி நட்ட தென்னம்பிள்ளைக்கு ஓலை பச்சையாகத்தானே இருக்கும், அதற்காக நட்ட மாதமே அதில் மாட்டைக் கட்டுவீர்களா ஐயா? அவர் ஒன்றும் பேசவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக்கூடாதோ என்று பிறகு மனம் குத்தியது. ஏனென்றால் இறக்கியது அவர் இல்லை, அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இன்னொன்று. "அறுந்திருந்தால் நடக்க ஏலுமா? இவள் நடந்துதானே வீட்டுக்கு வந்தவள்" என்பார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்பிஏயின் 2019 இறுதிப் போட்டியில், ஆறாவது ஆட்டத்தில் கிளே தொம்சன் கீழே இறங்கும்போது இடது முழங்கால் மடங்கியது. வெளியே கொண்டுபோனார்கள், அவர் திரும்பி நடந்துவந்து இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டார், இரண்டும் உள்ளே. அப்போது அவருடைய ஏசிஎல் அறுந்திருந்தது! அவர் மீண்டும் ஆட வந்தது 2022 ஜனவரி 9, மொத்தம் 941 நாட்கள். இடையில் மற்றக் காலின் குதிநாணும் அறுந்துபோனது.

அதே இறுதிப் போட்டியில், அதற்கு மூன்று நாள் முன்னால், கெவின் டுராண்ட். கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்தவர் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார், இரண்டாவது கால்பகுதியிலேயே குதிநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் இல்லை. இரண்டு பேரும் ஆடியது ஒரே அணிக்கு, உலகத்திலேயே அதிகம் செலவழிக்கிற கூடைப்பந்தாட்ட அணிகளில் ஒன்று, தனி வைத்தியக் குழு, தனி பிசியோக்கள். அங்கேயே அவசரம் இப்படி முடிந்தது. இங்கே கிரவல் மைதானத்தில், தேய்ந்த கன்வஸ் சப்பாத்தோடு, பிசியோவுக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டிய பிள்ளையை நாலரை மாதத்தில் இறக்குகிறோம்.

வலைப்பந்தாட்டம் முழங்காலுக்குக் கூடைப்பந்தாட்டத்தைவிடக் கடுமையானது என்றுதான் நான் சொல்வேன். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்து இறங்கிய காலைத் தூக்கிவிட்டுத் திரும்ப ஊன்றினால் பிழை. ஓடிவந்த வேகம் முழுவதையும் ஒரே முழங்கால் தாங்கி நிறுத்தவேண்டும். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு ஏசிஎல் அறுகிற ஆபத்து ஆண்களைவிடக் கூட.

அணியைப் பழக்குகிற மாஸ்டர்மாரின் நெருக்கடி எனக்கு விளங்காமல் இல்லை. மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று ஒரு சான்றிதழ் கிடைத்தால் அது இந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கோ ஒரு வேலைக்கோ கைகொடுக்கும். வன்னியில் ஒரு குடும்பத்துக்கு அது சின்ன விடயம் இல்லை. பிள்ளையும் அழுது அடம்பிடிக்கிறாள். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை "எனக்கு ஓகே சேர்" என்று சொன்னதை வைத்து நாங்கள் முடிவெடுக்க ஏலாது. அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

நான் வேலை தொடங்கிய காலத்தில் என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் கால் இழந்தவர்கள். செயற்கைக் காலோடு நடக்கப் பழக மாதக்கணக்கில் வந்தார்கள், ஒருவரையும் யாரும் அவசரப்படுத்தவில்லை. கால் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பொறுமையை ஏன் கொடுக்க மாட்டோம் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

எப்போது விடலாம்? ஒன்பது மாதத்துக்கு முன் இல்லவே இல்லை. 2016 இல் வெளிவந்த நோர்வே–அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயப்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் முடிந்தாலும் கலண்டரை மட்டும் பார்த்து விடுவதில்லை. தொடைத்தசை மற்றக் காலின் பலத்தில் குறைந்தது 90 வீதத்துக்கு வரவேண்டும். ஒற்றைக்காலில் பாய்கிற தூரமும் அப்படியே. நான் சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டுத்தான் பார்க்கிறேன், பெரிய மெசின் ஒன்றும் தேவையில்லை. தூரத்தை அளக்கும்போது இறங்குகிற சத்தத்தையும் கேட்பேன். "தொம்" என்று விழுந்தால் தசை தாங்கவில்லை, எலும்பு வாங்குகிறது. முழங்கால் உட்பக்கம் சரிந்தால், தூரம் எவ்வளவு வந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். இந்தப் பிள்ளைக்குப் போன மாதம் சில்லுக்குப் பத்து சென்ரிமீற்றர் மேலே தொடை அளந்தபோது, இரண்டு காலுக்கும் மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தது. அந்த அளவு கொப்பியில் இருக்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை.

வீட்டுக்காரருக்கு: முழங்காலுக்குள் "டக்" என்று கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் உருவக்கூடாது, எண்ணெய் போட்டு இழுக்கக்கூடாது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிற பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அறுந்த ஏசிஎல் பற்றுப்போட்டுப் பொருந்தாது. ஐஸ் வையுங்கள், காலை உயர்த்திவையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ.க்கு நாள் கிடைக்கும்வரை ஒன்றும் தெரியாது என்று நினைக்கவேண்டாம், பழகிய கையால் முழங்காலை இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சத்திரசிகிச்சை முடிந்து வரமுடியாத கிழமைகளில் விறாந்தைப் படியும் மண் நிரப்பிய பையும் போதும், சொல்லித்தந்த பயிற்சியை விடவேண்டாம். மூன்றாம் மாதத்தோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் "நோ இல்லை." திரும்ப அதே கதை.

மாஸ்டர்மாருக்கு ஒரு மன்றாட்டம். பயிற்சி தொடங்க முன் பதினைந்து இருபது நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று நாள், பாய்ந்து மெத்தென்று இறங்கவும் வேகத்தை நிறுத்தவும் பழக்குங்கள். இது முழு அணிக்கும் வேண்டும். காயப்பட்ட பிள்ளையை அணியிலிருந்து விலக்கவேண்டாம், ஸ்கோர் எழுதவிடுங்கள், நின்ற இடத்திலிருந்து கோலுக்கு எறியவிடுங்கள், அந்தத் தனிமையில்தான் பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள். பட்டியலில் பெயர் எழுத முன் எனக்கு ஒரு ஃபோன் எடுங்கள். இரவு பத்து மணி என்றாலும் பரவாயில்லை.

அந்தப் பிள்ளைக்குத் திரும்பவும் அறுந்துதான் இருக்கிறது, என் கைக்குத் தெரிந்தது, டொக்டரும் அதையே சொன்னார். இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முன் வீக்கம் வற்றவேண்டும், கால் முழுக்க நிமிரவேண்டும். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன், மாஸ்டரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அளவு நாடாவை அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.