மூளைக்குள்ள மாட்டிக்கிட்ட சர்க்கரை

"மாமனாருக்கு எம்ஆர்ஐ எடுத்தோம், மூளை லேசா சுருங்கியிருக்கு, மைல்டுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, ஆனா 30 வருஷமா இருக்கிற சொந்த வீட்ல பாத்ரூம் எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரியல. இது மைல்டா சார்? பெட் ஸ்கேன் எடுத்தா எத்தனை பர்சென்ட்னு கரெக்டா சொல்லிருவாங்களா?"ன்னு ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மனசுல ஓடிட்டு இருக்கு, ஏன்னா ரிப்போர்ட்டும் தப்பில்ல, அவங்க சொல்றதும் தப்பில்ல.

அந்த மைல்டு எதைப் பத்தினதுன்னு முதல்ல பார்த்துடுவோம். எம்ஆர்ஐ மூளையோட உருவத்தைத்தான் படம் பிடிக்குது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற நெற்றிப்பொட்டுக்குப் பின்னாடி, உள்பக்கமா, ஹிப்போகேம்பஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, புது நினைவுகள் பதியறதுக்கு அது வேணும். அல்சைமர்ங்கிற மறதி நோய்ல அது வருஷத்துக்கு 4, 5 சதவீதம் போல சுருங்கும், நோயில்லாத வயசானவங்களுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். அதைக் கண்ணால பார்த்து 0-லேர்ந்து 4 வரைக்கும் மார்க் போட நெதர்லாந்து டாக்டர் ஷெல்டன்ஸ் 1992-ல ஒரு முறை கொண்டுவந்தார், இன்னிக்கும் பல இடத்துல அதுதான். முக்கியமா, மறதிக்குக் காரணம் மூளைக்குமேல கட்டியிருக்கிற ரத்தமா, கட்டியா, தேங்கின நீரான்னு பார்க்க இந்த ஸ்கேன் கட்டாயம் வேணும் (கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும்), ஏன்னா இதுல சிலதை சரிபண்ண முடியும். ஆனா எம்ஆர்ஐ-ல தெரியறது வீட்டுச் சுவரு எந்த அளவுக்கு நிக்குதுன்னுதான். உள்ள ஃபேன் சுத்துதா, லைட் எரியுதான்னு பார்க்கணும்னா ஈபி மீட்டரைத்தான் பார்க்கணும்.

மூளைக்கு அப்படி ஒரு மீட்டர் இருக்கு, எஃப்டிஜி பெட் ஸ்கேன். இது வேலை செய்யற விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா மொத்த எரிபொருள்ல 20 சதவீதம் கிட்ட அதுவே தின்னுடும், அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸா. நரம்பு செல்லுங்க ஒன்னோட ஒன்னு பேசற இடத்துலதான் செலவு அதிகம். அப்போ எந்த இடம் எவ்வளவு குளுக்கோஸ் எடுக்குதுன்னு தெரிஞ்சா எந்த இடம் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும், ஆனா சிக்கல் என்னன்னா குளுக்கோஸ் செல்லுக்குள்ள போனதும் சீக்கிரமே உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடா வெளிய வந்துடுது, எண்ணறதுக்கு அங்க எதுவும் நிக்காது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல லூயி சோகோலாஃப் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். குளுக்கோஸ் மாதிரியே இருக்கிற, ஆனா ரெண்டாவது கார்பன்ல ஒரு ஆக்சிஜன் மட்டும் குறையற சர்க்கரை, டீஆக்சிகுளுக்கோஸ்.

இது ரத்தத்துலேர்ந்து செல்லுக்குள்ள போகும், வாசல்ல யாரும் தடுக்க மாட்டாங்க, பார்க்க குளுக்கோஸ் மாதிரியே இருக்கே. உள்ள ஹெக்சோகைனேஸ்னு ஒரு நொதி இதை குளுக்கோஸ்னு நம்பி ஆறாவது கார்பன்ல ஒரு பாஸ்பேட்டை ஒட்டிடும். அடுத்த நொதிதான் கண்டுபிடிக்கும், ஏன்னா அது வேலை செய்யறதுக்கு அந்த ரெண்டாவது கார்பன்ல இருக்கிற ஆக்சிஜன் வேணும், இங்க அது இல்ல. சரி திரும்பிப் போயிடலாம்னு பார்த்தா பாஸ்பேட் மின்சுமை உள்ளது, அதோட செல் சவ்வைத் தாண்ட முடியாது, பாஸ்பேட்டைக் கழட்டிவிடற நொதியும் மூளையில ரொம்பக் கம்மி. ரேஷன் கடையில பில் போட்டாச்சு, அடுத்த கவுன்டர்ல சாமான் தரமாட்டேங்கறாங்க, வெளிய போற கேட்டையும் பூட்டியாச்சு, அந்த நிலைமை. கடையை மூடற நேரத்துல உள்ள நிக்கிற ஆளுங்களை எண்ணினாலே எந்தக் கடைக்கு எவ்வளவு கூட்டம் வந்துச்சுன்னு தெரிஞ்சிடும் இல்லையா, சோகோலாஃப் எண்ணினதும் அப்படித்தான்.

அவர் கார்பன்-14ங்கிற கதிரியக்கக் கார்பன் சேர்த்த சர்க்கரையை விலங்குகளுக்குக் கொடுத்து, மூளையை மெல்லிசா சீவி எக்ஸ்ரே ஃபிலிம் மேல வெச்சுப் பார்த்தார். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு அது முடியாது, கார்பன்-14 விடற கதிர் மண்டை ஓட்டைத் தாண்டி வெளிய வராது. அதனால ஆக்சிஜன் இருக்க வேண்டிய அந்த ரெண்டாவது கார்பன்ல ஃப்ளூரின்-18ங்கிற கதிரியக்க அணுவை ஒட்டினாங்க, அதுதான் எஃப்டிஜி. அதோட அரை ஆயுள் 110 நிமிஷம்தான், செஞ்சு வெச்சு மெதுவா பயன்படுத்த முடியாது. 1976 ஆகஸ்ட்ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல இருக்கிற புரூக்ஹேவன் ஆய்வகத்துல தயார் பண்ணி, பிளேன்ல ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ரெண்டு பேருக்கு ஊசியா போட்டாங்க. ஒவ்வொரு 110 நிமிஷத்துக்கும் மருந்து பாதியாகிட்டே வருது, அதுக்குள்ள ஆகாயத்துல ஒரு பயணம். அன்னிக்குக் கிடைச்ச படம் மங்கல்தான், ஆனா உயிரோட இருக்கிற மனுஷ மூளை சர்க்கரை தின்னுறதை முதல் தடவையா படமா பார்த்தது அப்போதான்.

படம் எப்படி வருது? ஃப்ளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் ஒன்னை விடும், அது எலக்ட்ரானோட எதிர்த்துகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூடப் போகாது, பக்கத்துல இருக்கிற எலக்ட்ரானை மோதி ரெண்டுமே இல்லாம போயிடும், அந்த இடத்துலேர்ந்து ரெண்டு காமா கதிர் நேர் எதிரெதிர் திசையில கிளம்பும். தலையைச் சுத்தி வளையமா உணர்விகள் இருக்கு, ஒரே சமயத்துல எதிரெதிர்ல ரெண்டு உணர்வி அடிச்சதுன்னா அந்த ரெண்டையும் இணைக்கிற கோட்டுல எங்கயோதான் சர்க்கரை நின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த மாதிரி கோடி கோடி கோடு சேர்ந்தா மூளைப் படம்.

இதுல ஒன்னு நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்கும். பாசிட்ரானை விட்ட ஃப்ளூரின் அப்புறம் என்னவா ஆகுது தெரியுமா? ஆக்சிஜனா. கொஞ்சம் கனமான ஆக்சிஜன்-18, அவ்வளவுதான். எந்த இடத்துல ஆக்சிஜன் இல்லாததால மாட்டிக்கிச்சோ அதே இடத்துல ஆக்சிஜன் வந்துடுது, கூட ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கும், இத்தனை நேரம் நின்ன போலி சர்க்கரை நிஜ குளுக்கோஸா மாறி வழக்கம்போல எரிஞ்சு போயிடும். ஊசி போட்டா ரேடியேஷன் உடம்புலயே தங்கிடுமோன்னு பயப்படறவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போ மாமனார் விஷயத்துக்கு வருவோம். அல்சைமர்ல சர்க்கரை செலவு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி குறையாது, மூளையோட பின்பக்க நடுப்பகுதியிலயும் காதுக்கு மேல, பின்னால இருக்கிற பகுதிகள்லயும் முதல்ல மங்கும், நோய் முத்த முத்த நெற்றிப் பக்கமும் பரவும், ஆனா கை கால் அசைவுக்கான பட்டையும் சிறுமூளையும் ரொம்ப நாள் பிரகாசமாவே இருக்கும், அதனால சிறுமூளையை அளவுகோலா வெச்சு மத்த இடம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்குப் போடறாங்க. டிமென்ஷியான்னா நினைவும் யோசிக்கற திறனும் குறையற நோய்கள், அல்சைமரும் அதுல ஒன்னு; அதுலயே லூயி பாடி டிமென்ஷியாங்கிற வகையில பார்வைப் பகுதி மங்கும், முன்மூளை டிமென்ஷியாவுல நெற்றிப் பக்கம். என்ன வகைன்னு பிரிக்கறதுக்கும் எவ்வளவு பரவியிருக்குன்னு பார்க்கறதுக்கும் இது நல்ல கருவி.

அமிலாய்டு பெட் ஸ்கேன்னு இன்னொன்னு இருக்கு, மூளையில படியற புரதத்தைக் காட்டும். பிஐபிங்கிற மருந்தை வெச்சு 2002-ல ஸ்வீடன்ல உப்சாலாவுல முதல் ஆளுக்கு எடுத்தாங்க. அல்சைமருக்குப் புதுசா வந்திருக்கிற லெகனெமாப் மாதிரி மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் புரதம் இருக்குன்னு உறுதி பண்ண இது உதவுது. ஆனா தீவிரத்தை இதுல அளக்க முடியாது, ஏன்னா அறிகுறி வர்றதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே படிய ஆரம்பிச்சு, மறதி தெரியற நேரத்துல கிட்டத்தட்ட நின்னுடும், நல்லா நடமாடற சில வயசானவங்க மூளையிலயும் இருக்கும். டாவ்னு இன்னொரு புரதம் பரவியிருக்கிற அளவுதான் அறிகுறியோட கூடவே போகுது, அதுக்கான ஸ்கேன் மருந்தை 2020-ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க.

சர்க்கரை ஸ்கேன்லயும் பர்சென்ட் போட முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. 1992-ல யாக்கோவ் ஸ்டெர்ன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு நியூயார்க்ல அல்சைமர் நோயாளிகளோட மூளை ரத்த ஓட்டத்தை அளந்தாங்க, சர்க்கரை மாதிரியே அதுவும் எந்த இடம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டும். நோயோட தீவிரம் ஒரே அளவுல இருக்கிற ரெண்டு பேரை எடுத்தா, அதிகம் படிச்சவர் மூளைதான் மோசமா இருந்துச்சு! அதாவது அவ்வளவு சேதத்தையும் தாங்கிட்டு அவர் சமாளிச்சிருக்கார். ஹைதராபாத்ல சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளைப் பார்த்து 2013-ல வெளியிட்டதும் இதே மாதிரிதான், ரெண்டு மொழி பேசறவங்களுக்கு டிமென்ஷியா சராசரியா நாலரை வருஷம் தள்ளி வந்திருக்கு, பள்ளிக்கூடமே போகாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் இருந்துச்சு. அப்போ ஒரே படத்தை வெச்சு ரெண்டு பேருக்கு ஒரே மார்க் எப்படிப் போடறது?

தீவிரத்தை அளக்க டாக்டருங்க நம்பறது இன்னமும் சிடிஆர்ங்கிற ஒரு நேர்காணலைத்தான், செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 1982-ல வந்தது. நினைவு, இடம் காலம் தெரியறது, முடிவெடுக்கறது, வெளி வேலை, வீட்டு வேலை, சொந்த உடம்பைப் பார்த்துக்கறதுன்னு ஆறு விஷயம், 0, 0.5, 1, 2, 3-ன்னு மதிப்பெண். இதுல பாதி பதில் நோயாளிகிட்ட இருக்காது, கூட இருக்கிறவங்ககிட்டதான் இருக்கும்.

நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோட இருக்காங்கன்னு 2023-ல கணக்கு வந்துச்சு. பெட் மெஷின் இங்க பெரும்பாலும் கேன்சருக்குத்தான் ஓடுது, அது நியாயம்தான். தாலுக்கா ஆஸ்பத்திரி ஒவ்வொன்னுலயும் மெஷின் வேணும்னு நான் கேக்கல, இந்த நேர்காணலை ஒழுங்கா தமிழ்ல நடத்தத் தெரிஞ்ச ஒருத்தர் ஒவ்வொரு இடத்துலயும் வேணும், அதுக்குப் பணம் ஒதுக்கணும். எங்க சொந்தத்துலயே ஒரு பாட்டிக்கு இந்த நிலைமை வந்தப்போ காத்து கருப்புன்னு சொல்லி ஒரு வருஷம் மந்திரிச்சு தாயத்து கட்டிட்டு இருந்தாங்க, இன்னொரு பக்கம் நடிக்கறாங்கன்னு திட்டு வேற. அவங்க மூளையோட பின்பக்கத்துல சர்க்கரை எரியறது குறைஞ்சுட்டே இருந்திருக்கும், யாருக்கும் தெரியல. அதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

அந்த வாசகிக்கு எழுதினது இதுதான்: டாக்டர் பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தா எடுங்கம்மா, ரத்தத்துல சர்க்கரை கூட இருந்தா அது ஊசியில போற சர்க்கரையோட போட்டி போட்டுப் படத்தைக் கெடுத்துடும், அதனால சுகர் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, ஊசி போட்டப்புறம் அரைமணி நேரம் மங்கல் வெளிச்சத்துல பேசாம படுத்திருக்கணும், இல்லன்னா பேசற பகுதி தனியா பளிச்சுன்னு தெரியும், அவருக்கு அது கஷ்டமா இருக்கும், முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு நோட்டு எடுத்து பாத்ரூம் தெரியாம நின்ன தேதியிலேர்ந்து எழுத ஆரம்பிங்க, அடுத்த தடவை ஸ்கேன் கவரோட அந்த நோட்டையும் டாக்டர் மேஜையில வைங்க.