இறக்கிய காரில் டயரின் உள்விளிம்பு தேய்கிறதா? கேம்பரைத் திருத்தும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்தவர்கள், அதாவது காரை இறக்கியவர்கள், டயரை வெளியிலிருந்துதான் பார்க்கிறார்கள். வெளிப்பக்கம் புதுசு போல இருக்கும். உள்விளிம்பில் ரப்பர் தீர்ந்து கம்பி எட்டிப் பார்க்கும். அந்த டயர் வேகத்தில் வெடிக்கலாம். மாதம் ஒருமுறையாவது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்து உள்விளிம்பைப் பாருங்கள். கம்பி தெரியவில்லை என்றால் கையால் தடவியும் பாருங்கள். ஒரே சரிவாக வழவழவென்று தேய்ந்திருந்தால் காரணம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல் போலக் குத்தினால் காரணம் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. இறக்கிய வண்டியில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். அதில் டயரை வேகமாகத் தின்பது டோதான். கேம்பரைத் திருத்தும் பாகங்களான கேம்பர் கிட்டுக்குச் செலவழித்துவிட்டு டோவை அப்படியே விட்டால் புது டயரும் அதே கதிக்குத்தான் போகும்.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே தோராயமாக அளக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை நேராக வைத்து, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். ரிம்மின் மேல் ஓரத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, கீழ் ஓரத்துக்கு உள்ளதைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 400 மி.மீ. உயரம் இருந்தால், 7 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி நெகட்டிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது; வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்). அன்றாடம் ஓட்டும் பல கார்களுக்கு மைனஸ் 1.5 டிகிரி வரை பெரிய பிரச்சினை இல்லை, டோ சரியாக இருந்தால். இடது வலது வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால், கேம்பர் பாசிட்டிவ் பக்கம் அதிகமுள்ள சக்கரத்தை நோக்கி வண்டி இழுக்கும். அப்படி ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் கிட் வாங்க ஓடாதீர்கள். வளைந்த ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் உள்ள தண்டு), தேய்ந்த பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மில் கிழிந்த ரப்பர் புஷ் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எந்தப் பாகம் வேண்டும் என்பது சஸ்பென்ஷனைப் பொறுத்தது. ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடிக்கும் டபுள் விஷ்போன், மல்டிலிங்க் வகைகளில் இறக்கும்போது கேம்பர் நன்றாகவே கூடும்; அவற்றுக்கு நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் வேண்டும். பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்றால் இறக்குவதால் கேம்பர் அநேகமாக மாறாது. அங்கே அளவு தவறியிருந்தால் பீம் வளைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சக்கரம் பொருந்தும் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய தகட்டை வைக்க வேண்டும்.

முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதில் ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டால் சேர்ந்திருந்தால், எளிய வழி கேம்பர் போல்ட். ஒரு போல்ட்டை மட்டும், பெரும்பாலும் மேலே உள்ளதை, மாற்றினால் சுமார் ஒன்றரை டிகிரி திருத்தம் கிடைக்கும். தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். இந்தப் போல்ட்டின் தண்டு மெலிந்தது. பழைய போல்ட்டுக்குரிய டார்க்கை, அதாவது இறுக்கும் முறுக்கு அளவை, இதற்குக் கொடுத்தால் நீண்டுவிடும், குறைத்தால் வழுக்கும். கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவையே டார்க் ரெஞ்சில் வையுங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். இணைப்பைப் பிடித்து வைப்பது இரண்டு உலோகப் பரப்புகளின் உராய்வு. அங்கே துரு, பெயிண்ட், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. முடித்ததும் போல்ட் தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்ட்ரட் துளையை அரைத்து அகலப்படுத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினாலே சக்கரம் நகர்ந்துவிடக்கூடும்.

நெகட்டிவ் கேம்பர் குறையும்போது டயரின் மேல்பக்கம் வெளியே வரும். ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஃபெண்டரில் அது உரசலாம். ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒடித்து இடைவெளியைச் சோதியுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டில் வரிசை முக்கியம். முதலில் டயர் காற்று, பிறகு பின்சக்கரங்கள், அதன்பின் முன்பக்கக் கேம்பர், கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு பிடிக்கும் இடமும் நகர்வதால் டோ கட்டாயம் மாறும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்று அமரும், ஆகவே அதன் பிறகு மறுபடி அளக்க வேண்டும். அன்று பெயிண்ட் கோடு விலகியிருந்தால் போல்ட் வழுக்கியிருக்கிறது. அதையே மேலும் முறுக்காமல், பரப்பைச் சுத்தம் செய்து புதுப் போல்ட்டும் நட்டும் போடுங்கள்.