மார்ஜினல் டாக்ஸ் ரேட்: இறுதிநிலை வரிவீதம்

அமெரிக்காவில் ஒருவர் கடைசியாக ஈட்டும் டாலர் எந்த வருமான அடுக்கில் விழுகிறதோ, அந்த அடுக்குக்கு உரிய வீதமே 'மார்ஜினல் டாக்ஸ் ரேட்'. மொத்த வருமானத்துக்கும் அந்த வீதத்தில் வரி கட்ட வேண்டும் என்பது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி, மணமாகாத ஒருவரின் வரிக்குரிய வருமானம் 1,20,000 டாலர் என்றால், 1,03,350 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே கூட்டாட்சி அரசு 24 விழுக்காடு கேட்கும். முதல் 11,925 டாலருக்கு 10 விழுக்காடுதான்.

'மார்ஜின்' என்பது ஓரம், விளிம்பு என்று பொருள்படும் 'மார்கோ' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தாளின் ஓரத்தில் எழுதாமல் விடும் இடத்துக்கும் அதுவே பெயர். பொருளியலார் அதனை, இன்னும் ஓர் அலகு கூடும்போது நேரும் மாற்றத்தைக் குறிக்க ஆண்டனர். நேர்ப்பொருளைப் பற்றி 'விளிம்புநிலை வரிவீதம்' என்று எழுதினால், 'விளிம்புநிலை மக்கள்' என்ற வழக்கு வேரூன்றிவிட்ட நிலையில், ஏழைகள்மீது விதிக்கும் வரி என்றே படிப்பவர் எண்ணுவார். இலங்கைப் பாடநூல்களின் 'எல்லை' உச்சவரம்பு போல ஒலிக்கிறது. தமிழ்நாட்டுப் பொருளியல் நூல்களில் பழகிய 'இறுதிநிலை', கடைசி அலகு என்ற கருத்தை நேராகச் சொல்வதால், 'இறுதிநிலை வரிவீதம்' என்பதே பொருத்தம்.

கூட்டாட்சி வரியோடு மாநில வரியும் சேரும்போது 'கம்பைண்டு' என்ற அடைமொழி வருகிறது. மேற்சொன்னவர் கலிபோர்னியாவில் இருந்தால் மாநிலத்தின் 9.3 விழுக்காட்டு அடுக்கில் இருப்பார். 24உம் 9.3உம் சேர்ந்து 33.3 என்று முடித்துவிடலாகாது. ஏனெனில், 1913இல் வந்த கூட்டாட்சி வருமான வரிச் சட்டம், மாநிலத்துக்குக் கட்டிய வரியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தந்தது. அவ்வாறு கழித்தால் 9.3இன் 24 விழுக்காடாகிய 2.23 குறைந்து, உண்மையான சுமை ஏறத்தாழ 31.07 விழுக்காடாகும். வெறும் கூட்டல் என்று தோன்றவைப்பதாலும், கணவனும் மனைவியும் சேர்ந்து அளிக்கும் கூட்டுப் படிவத்தை நினைவூட்டுவதாலும், 'கூட்டு' என்னும் முன்னொட்டைவிட 'இணைந்த இறுதிநிலை வரிவீதம்' என்பது நல்லது.

ஆனால் செலவுக் கணக்குக் காட்டாமலே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான கழிவை (2025இல் தனிநபருக்கு 15,750 டாலர்) ஏற்காமல், செலவினங்களை வகைவகையாகக் காட்டுவோருக்கே இந்தச் சலுகை உண்டு, மற்றவர்களுக்கு 33.3 அப்படியே நிற்கும். இப்படிக் கழிக்கக்கூடிய மாநில வரித் தொகைக்கு 2018 முதல் 10,000 டாலர் வரம்பு இருந்தது. 2025இல் அது 40,000 ஆக உயர்ந்தது, மிக உயர்ந்த வருமானத்தினருக்கு மட்டும் குறையும். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரியே இல்லாததால் அங்கு இணைப்பதற்கு ஒன்றுமில்லை. அலபாமாவிலோ கதை தலைகீழ்: மாநில வரியைக் கணக்கிடும்போது கூட்டாட்சி அரசுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.