‘ஹார்ட் ஸ்ட்ரோக்’ என்று ஒரு நோயே இல்லை

“டாக்டர், அப்பாவுக்கு ஹார்ட் ஸ்ட்ரோக்!”

சென்ற வாரம் இப்படி ஓடிவந்தவர் நன்றாகப் படித்தவர். காலை ஆறு மணிக்கு அப்பாவின் வாய் கோணியதையும் வலது கை துவண்டதையும் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனாலும் ஸ்ட்ரோக் என்றால் இதயம் என்று முடிவு கட்டி, ஆஸ்பிரினை மெல்லச் சொல்லி, இதய சிகிச்சை மட்டுமே செய்யும் மருத்துவமனைக்குப் போய், ஈசிஜி எடுத்து, “இதயம் நன்றாக இருக்கிறது” என்ற நற்செய்தியோடு எங்களிடம் வந்தபோது மணி பன்னிரண்டு. அப்பாவுக்கு வந்தது இதயநோயல்ல, மூளையைத் தாக்கும் பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

குற்றம் பாதி அந்த ஆங்கிலச் சொல்லுடையது. ஸ்ட்ரோக் என்றால் அடி. பூனையைத் தடவிக்கொடுப்பதும் அதே ஸ்ட்ரோக்தான்! துரும்பைக் கிள்ளிப் போடாதவனை ‘ஒரு ஸ்ட்ரோக் வேலைகூடச் செய்யாதவன்’ என்பார்கள். எதிர்பாராத அதிர்ஷ்டம் ஒரு ஸ்ட்ரோக், நீச்சலில் ஒவ்வொரு கைவீச்சும் ஒரு ஸ்ட்ரோக், பழைய பைக்கில் டூ ஸ்ட்ரோக். 1947இல் நேரு சொன்ன ‘நள்ளிரவு மணியடிக்கும் வேளை’யிலும் இந்தச் சொல் உண்டு. மூளை நோய்க்கு இந்தப் பெயர் வந்ததும், கடவுளின் கை ஓங்கி அடித்தது என்று அக்காலத்தில் நம்பியதால்தான்.

மே மாதம் வந்தால் ஹீட் ஸ்ட்ரோக் வேறு. அது வெயிலில் உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலை. “மோர் குடித்தால் ஸ்ட்ரோக் வராதா?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இதயத்துக்கும் ஒரு ஸ்ட்ரோக் உண்டு என்பது வேடிக்கை: ஒரு துடிப்பில் அது வெளித்தள்ளும் சுமார் 70 மில்லி ரத்தத்தை ‘ஸ்ட்ரோக் வால்யூம்’ என்போம். அது நோயல்ல, அதனால்தான் உயிரோடிருக்கிறோம்.

இதயத்துக்கு வருவது மாரடைப்பு. மூளைக்கு வருவது பக்கவாதம். நோயின் அடையாளத்தைத் தன் மேலேயே எழுதிவைத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம்?

முகம் ஒரு பக்கம் இறங்கினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். சிடி ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் இருக்கும் மருத்துவமனைக்கே போங்கள். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு இருக்கும். அவர்களுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தம் தடவுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, எனக்குக் கோபம் வரும். பத்து நிமிடத்தில் தானாகவே சரியானாலும் அன்றே வாருங்கள். பெரும்பாலும் வலிக்காது என்பதால், “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று படுக்கவைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

வாசலிலேயே ஒரு கேள்வி கேட்பேன், பதிலோடு வாருங்கள்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?